மானின் பின்னங்கால்

அகழாய்வில் மண் வெட்டியவர்கள்தான் அவளுக்குப் பென்சில் என்று பெயர் வைத்தார்கள். ஆளும் அந்த வாகுதான். காதுக்கு மேலே ஒன்று, கொண்டையில் ஒன்று, பல்லிடுக்கில் ஒன்று என்று எப்போதும் மூன்று பென்சில்கள் அவள்மேல் இருக்கும். "இவங்களைக் கொஞ்சம் சீவி விட்டா அவங்களே எழுத ஆரம்பிச்சிடுவாங்க" என்று மேஸ்திரி சொன்னபோது அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது.

குன்றுச் சரிவில் ஆயிரத்து முந்நூறு, நானூறு வருடங்களாக மண்மூடிக் கிடந்த ஒரு தேவாலயத்தை அவர்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தலைமை தாங்கிய பேராசிரியர் அவளுடைய அத்தான். கிடைத்த பொருளுக்கெல்லாம் எண் போட்டுப் பதிவேட்டில் எழுதியது அவளுடைய அக்கா. படம் வரைந்தது அவள். முனைவர் பட்டத்துக்கான ஆய்வையும் அத்தானிடம்தான் செய்துகொண்டிருந்தாள். பழைய தேவாலயங்களில் ஞானஸ்நான மண்டபங்களின் தரையை எப்படிப் போட்டார்கள் என்பது தலைப்பு. வீட்டில் சாப்பிடும்போதும் அதே பேச்சுதான். "உன் தங்கச்சி தரையைப் பத்திப் பேசுற அளவுக்கு, நீ வீட்டுத் தரையைக் கூட்டினதில்லை" என்று அத்தான் அக்காவைச் சீண்டுவார். அக்கா கரண்டியை ஓங்குவாள். நல்லபடியாகத்தான் இருந்தார்கள்.

மூன்றாம் பருவத்தில் ஞானஸ்நானத் தொட்டி வெளிப்பட்டது. சிலுவை வடிவில் குடைந்து, இறங்குவதற்கு மூன்று படி வைத்த கல்தொட்டி. அதைச் சுற்றி விரல்நகம் அளவுள்ள வண்ணக் கற்கள் பதித்த தரை. நீரோடையில் வாய் வைத்துக் குடிக்கும் இரண்டு மான்கள். பென்சில் அந்தத் தரையின்மேல் கண்ணாடித்தாளை விரித்து, குப்புறப் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லையும் அசல் அளவிலேயே ஓரம் பிடித்து வரைந்தாள். ஒரு சதுர அடிக்கு ஆயிரம் கல் வரும். ஐந்து வாரம் ஆயிற்று. முழங்கை தோல் உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்தது.

இடப்பக்க மானின் பின்னங்கால் அருகே ஒரு மரவேர் தரையைத் தூக்கிவிட்டிருந்தது. அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு தானாகவே பெயர்ந்து நின்றது. மேஸ்திரி கொத்துக்கரண்டியை அடியில் கொடுத்து அதைப் பதமாகத் தூக்கினார். தூக்கியதும் அடியிலிருந்த சுண்ணச்சாந்திலிருந்து ஏதோ ஒன்று 'டக்'கென்று விழுந்தது. செப்புக்காசு. பச்சை பூத்திருந்தாலும் ஒரு பக்கத்தில் பெரிய எழுத்து ஒன்றும் அதன் தலைமேல் சிறு சிலுவையும் தெளிவாகத் தெரிந்தன.

பென்சில் அப்போதே தன் குறிப்பேட்டில் எழுதினாள். தரைக்கு அடியில், சாந்துக்குள் காசு. அப்படியென்றால் அந்தக் காசு புழக்கத்துக்கு வந்த பிறகுதான் இந்தத் தரையைப் போட்டிருக்க முடியும். சிறு உறையில் போட்டுக் காசை அக்காவிடம் கொடுத்தாள். அக்கா எண் போட்டாள். பெயர்ந்த துண்டு, உதிரிக் கற்களோடு ஒரு மரத்தட்டில் போய்ச் சேர்ந்தது. மறுநாள் துண்டு இருந்த இடத்தைக் காலியிடமாகவே, ஓரத்தை மட்டும் இம்மி பிசகாமல் வரைந்தாள். அத்தானிடம் விஷயத்தைச் சொன்னபோது, "பார்ப்போம், முதல்ல சுத்தம் பண்ணட்டும்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் சுவரோவியம் போயிற்று.

தேவாலயத்தின் கீழ்ப்புறச் சுவரில், வெள்ளையடிப்புக்கு அடியில், இரண்டு கைகளையும் உயர்த்தி வேண்டிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் ஓவியம் இருந்தது. வெள்ளிக்கிழமை பெரிய மனிதர்கள் பார்வையிட வருவதாக இருந்தார்கள். அதற்குள் ஓவியத்தைத் துணியொட்டிச் சுவரிலிருந்து உரித்து, சட்டத்தில் ஏற்றிக் காட்டிவிட வேண்டும் என்று அத்தான் துடித்தார்.

"சுவர் இன்னும் ஈரமா இருக்கு அத்தான். பத்து நாள் காயட்டும். இப்ப இழுத்தா கையோட வந்துடும்."

"உனக்கு வரையத் தெரியும். அதை மட்டும் பாரு."

இழுத்தார்கள். கையோடுதான் வந்தது. பெண்ணின் முகம் மாவு மாவாகத் தரையில் கொட்டியது. பென்சில் மண்டிபோட்டு அந்தப் பொடியை இரண்டு கையாலும் கூட்டினாள். எதற்காகக் கூட்டுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

விசாரணை வந்தபோது, பதிவேட்டில் அந்த நாளுக்கு நேரே ஒரு வரி இருந்தது: "படம் வரைபவர் அனுமதியின்றிச் சுவரை நனைத்ததால் ஓவியம் சேதமடைந்தது." கையெழுத்து அக்காவுடையது. பென்சிலின் குறிப்பேடுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆய்வுப் பதிவை ரத்து செய்தார்கள். ஏழு வருடங்களுக்கு எந்த அகழாய்விலும் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. அவள் அக்கா வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். அக்கா கதவைத் திறந்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னக்கா எழுதி வச்சிருக்கே? நீ அங்கேதானே நின்னே?"

"அவருக்கு வேலை போயிடும்டி. உனக்குச் சின்ன வயசு. நீ எப்படியும் மேலே வந்துடுவே."

"எது வழியா?"

உள்ளே அத்தான் தொலைபேசியில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. பென்சில் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அதற்குப் பிறகு அந்தப் படியை மிதிக்கவில்லை.

ஆறு வருடம் குளியலறை ஓடுகள் செய்யும் கம்பெனியில் பூவும் கொடியும் வரைந்தாள். அங்கேதான் ஒருநாள், பத்திரிகையில் அத்தானின் படத்தைப் பார்த்தாள். 'இந்தப் பகுதியிலேயே மிகப் பழைய ஞானஸ்நான மண்டபம்' என்று தலைப்பு. நான்காம் நூற்றாண்டின் தொடக்கம் என்று கணித்திருந்தார். தரைக்கு அடியில் காலத்தைக் காட்டும் பொருள் எதுவும் கிடைக்கவில்லை என்றும், மான்களின் பாணியை வைத்தே முடிவு செய்ததாகவும் சொல்லியிருந்தார்.

அவள் அந்தப் பக்கத்தை நாலு தடவை படித்தாள். அந்த மாதிரிக் காசை ஐந்தாம் நூற்றாண்டு முடியும்வரை யாரும் அச்சடித்ததில்லை. காசு இருந்தால் மண்டபத்துக்கு இருநூறு வயது குறையும். 'மிகப் பழைய' என்ற இரண்டு வார்த்தையும் பறந்துபோகும். ஓவியத்துக்காக மட்டும் தன்னைத் துரத்தவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காசைப் பார்த்த கண்ணை அப்புறப்படுத்தியிருக்கிறார்.

அன்றிலிருந்து அவள் கறுவிக்கொண்டிருந்தாள். காலையில் பல் தேய்க்கும்போதே அது கூடவே எழுந்து வரும். சத்தம் போட வேண்டும், மொட்டைக் கடிதம் போட வேண்டும் என்றெல்லாம் முதலில் தோன்றியது. ஆனால் கையில் என்ன இருக்கிறது? காசும் இல்லை, குறிப்பேடும் இல்லை. நீக்கப்பட்ட ஒரு மாணவியின் வாய்ச்சொல்தான் இருக்கிறது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அருங்காட்சியகக் கிடங்கில் உதவியாளர் வேலை காலியாயிற்று. சம்பளம் குறைவு, தூசி அதிகம் என்பதால் யாரும் வரவில்லை. கிடங்குக்குப் பொறுப்பான அம்மாள் இடுப்பில் இருபது சாவி தொங்க நடப்பார். எல்லாரும் அவரைச் சாவியம்மா என்பார்கள். "அகழாய்வுக்குப் போகத்தானே தடை? தோண்டினதைத் துடைக்கத் தடை இல்லையே" என்று சொல்லி அவளைச் சேர்த்துக்கொண்டார். நாலு வருடம் அவள் பானை ஓடு துடைத்தாள், எண் எழுதினாள், தட்டுகளை அடுக்கினாள். குன்றுத் தேவாலயத்தின் தட்டுகள் மட்டும் முந்நூற்று நாற்பது இருந்தன. அத்தானின் ஆட்கள் கொண்டுவந்து கொட்டியதோடு சரி, ஒன்றையும் பிரித்திருக்கவில்லை. அவற்றை ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல் பார்த்தாள்.

இருநூற்றுத் தொண்ணூற்றாறாவது தட்டில், 'தரை உதிரிகள்' என்று எழுதிய சீட்டுக்குக் கீழே, அது கிடந்தது. நாற்பத்தொரு கல் ஒட்டிய துண்டு. மேலே பழுப்பு, கறுப்பு, ஒரு வரிசை வெள்ளை: மானின் குளம்பு. அவள் அதை எடுத்துத் திருப்பினாள். சாந்தில் வட்டமாக ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் அந்தப் பெரிய எழுத்தும் தலைமேல் சிறு சிலுவையும் அழுந்திப் பதிந்திருந்தன. காசை மறைத்தவர்களுக்கு, காசு படுத்திருந்த மெத்தையை மறைக்கத் தோன்றவில்லை.

அவள் சாவியம்மாவைக் கூப்பிட்டாள். இருவருமாகச் சீட்டோடு சேர்த்துப் படம் எடுத்தார்கள். பள்ளத்தில் அச்சுப்பசை ஊற்றி வார்ப்பு எடுத்தார்கள். பசை இறுகியதும் உரித்தால் காசின் முகம் அப்படியே புடைத்து வந்தது. சாவியம்மா கிடங்கின் பதிவில் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இப்பவே கடிதம் போடுறியா?" என்று கேட்டார்.

"இல்லைம்மா. அத்தான் பெரிய புத்தகம் எழுதிட்டிருக்கார். முடிக்கட்டும்."

"எழுத விட்டுட்டா அடிக்கப் போறே?"

"ஆமா."

"நான் கேக்கலை, நீ சொல்லலை" என்று சொல்லிவிட்டுச் சாவியம்மா சாவிகளை அள்ளிக்கொண்டு போய்விட்டார்.

பதினான்கு மாதம் காத்திருந்தாள். அந்த மாதங்களில் அவள் நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டதாகப் பலரும் சொன்னார்கள்.

புத்தக வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பு அக்கா கிடங்குக்கே வந்தாள். பதினொரு வருடத்தில் காதோரம் முழுக்க நரைத்திருந்தது. கையில் அழைப்பிதழ்.

"நீ வரணும்டி. அவரே சொன்னார், தங்கச்சியையும் கூப்பிடுன்னு. பழசை விட்டுத் தொலை."

"அத்தானே சொன்னாரா?"

"சத்தியமா. இப்பல்லாம் உன் பேச்சை எடுத்தா ஒரு மாதிரி ஆயிடுறார்."

பென்சில் அழைப்பிதழை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். இரண்டடி தள்ளி இரும்பு அலமாரியில் அந்தத் துண்டு இருந்தது. இப்போது காட்டினால் புத்தகத்தை நிறுத்திவிடலாம். அத்தான் இரண்டு வரியைத் திருத்திக்கொண்டு, 'புதிய சான்று கிடைத்தது' என்று கௌரவமாகத் தப்பித்துக்கொள்வார். அக்காவின் மானமும் பிழைக்கும். இவ்வளவும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"வர்றேன்க்கா. கண்டிப்பா வர்றேன்" என்றாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். பென்சில் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்கு விழா. பல்கலைக்கழக அரங்கில் இருநூறு பேர் இருந்தார்கள். முன்வரிசையில் அக்கா, புதுப் புடவையில். மேடையில் துணைவேந்தரும், பழங்காசுகளை ஆராய்வதில் பேர்போன ஒரு நிபுணரும் உட்கார்ந்திருந்தார்கள். நிபுணர் ஒல்லியான, மூக்குக்கண்ணாடிப் பெண்மணி. தலைமை தாங்க வந்தவர். அத்தான் நாற்பது நிமிடம் பேசினார். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. அவருக்கு அது எப்போதும் கைவந்த கலை. புத்தகத்தின் பெருமையே பதினான்காம் படம்தான் என்றார். மடித்து வைத்த பெரிய தாளை விரித்தால், இடப்பக்க மான் முழுவதும் அசல் அளவில் இருந்தது. அடியில் 'வரைந்தவர்: ஆசிரியர்' என்று அச்சிட்டிருந்தது.

கேள்வி நேரத்தில் பென்சில் எழுந்தாள். அவளைப் பார்த்ததும் அத்தானின் முகம் மலர்ந்தது. பெருந்தன்மையைக் காட்டக் கிடைத்த வாய்ப்பு என்று நினைத்திருக்க வேண்டும்.

"என் மைத்துனி. இவங்களும் அகழாய்வில் கொஞ்ச நாள் வேலை பார்த்தவங்கதான். கேளும்மா."

"பதினாலாம் படம் நீங்களே வரைஞ்சதா?"

ஒரு கணம் தயங்கினார். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஆமா."

"ஒவ்வொரு கல்லும் இருந்தபடியே இருக்கா? அழகுக்காகக் கூட்டிக் குறைச்சு எதுவும்..."

"ஒரு கல்லு பிசகாதும்மா. ஐந்து வாரம் தரையிலேயே படுத்துக் கிடந்து வரைஞ்சது."

"பின்னங்கால்கிட்ட ஒரு காலியிடம் இருக்கே?"

"அது பழைய காலத்திலேயே சிதைஞ்சுபோன இடம். நாங்க தோண்டும்போதே அங்கே ஒண்ணும் இல்லை."

"அவ்வளவுதான் கேக்கணும்னு நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு அவள் உட்காரவில்லை. பையிலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு மேடைக்கு நடந்தாள். நிபுணரின் முன்னால் மேசைமேல் விரிந்துகிடந்த பதினான்காம் படத்தில், வெள்ளையாக இருந்த அந்த இடத்தில், துண்டை வைத்தாள். ஒரு பக்கம் லேசாகத் திருப்பினாள். ஓரத்துக்கு ஓரம், கல்லுக்குக் கல் போய் உட்கார்ந்தது. மானுக்குக் குளம்பு வந்துவிட்டது. நிபுணர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"இது எங்கே இருந்துச்சு?"

"கிடங்குல, இந்த அகழாய்வோட தட்டுல. கிடங்குப் பதிவுல தேதி இருக்கு, பொறுப்பாளர் கையெழுத்தும் இருக்கு. திருப்பிப் பாருங்க மேடம்."

நிபுணர் திருப்பினார். பக்கத்தில் பென்சில் வார்ப்பையும் வைத்தாள். அந்த அம்மாளுக்கு அதற்குமேல் யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. அத்தானைத் திரும்பிப் பார்த்து, மெல்லிய குரலில், ஆனால் ஒலிவாங்கி பக்கத்திலேயே இருந்ததால் அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "பேராசிரியரே, உங்க தரைக்கு அடியில ஆறாம் நூற்றாண்டு படுத்திருக்கு."

அத்தானின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. "போலி! இவளைத் தொழில்லேர்ந்தே நீக்கினாங்க. பழி வாங்க இவளே செஞ்சு எடுத்துட்டு வந்திருக்கா!"

"பழி வாங்கத்தான் அத்தான் வந்தேன். ஆனா செஞ்சு எடுத்துட்டு வரலை. செஞ்சிருந்தா உங்க படத்துல எப்படிப் பொருந்தும்? ஒரு கல்லு பிசகாதுன்னு நீங்கதானே இப்ப சொன்னீங்க?"

யாரோ பின்வரிசையில் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டார். படம் தன்னுடையது இல்லை, துல்லியத்துக்குத் தான் பொறுப்பில்லை என்று சொன்னால் திருடன். தன்னுடையது என்றால் புளுகன். அத்தான் எந்தப் பக்கமும் நகர முடியாமல் நின்றார். அந்த நிற்பைத்தான் பென்சில் இத்தனை வருடமாகக் கற்பனை செய்து வைத்திருந்தாள். கற்பனையைவிட அது நன்றாக இருந்தது. நெஞ்சு குளிர்ந்தது. அதை அவள் பிற்பாடு யாரிடமும் மறைக்கவும் இல்லை.

அவள் எதிர்பார்க்காதது அதற்கடுத்து நடந்தது. நிபுணர், "அந்தக் காலத்துப் பதிவேட்டில் காசு ஏதாவது இருந்ததா? பதிவேடு எழுதியது யார்?" என்று கேட்டார். முன்வரிசையில் அக்கா எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான்தான். காசு இருந்துச்சு. நம்பர் போட்டேன். அப்புறம் அடிச்சிடச் சொன்னார், அடிச்சேன். இருநூத்திப் பன்னெண்டு. பார்த்தீங்கன்னா இப்பவும் அந்த வரியில கோடு இருக்கும்."

"உட்காரு!" என்று அத்தான் கத்தினார்.

"சுவரை நனைச்சதும் இவ இல்லை" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு உட்காரவில்லை. வாசலைப் பார்த்து நடந்து வெளியே போய்விட்டாள்.

பென்சில் பின்னாலேயே ஓடினாள். மரத்தடியில் கார்கள் நிற்கும் இடத்தில் அக்காவைப் பிடித்தாள். கட்டிக்கொள்ளத்தான் ஓடிவந்ததாக அங்கிருந்த ஓட்டுநர்கள் நினைத்திருப்பார்கள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா?"

"சொல்லியிருக்கணும்டி."

"பதினோரு வருஷம்க்கா. குளியலறைக்குப் பூ வரைஞ்சேன்."

"தெரியும். கடைக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு பெட்டி வாங்கினேன்." அக்கா அழவில்லை. "பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு. பதிக்க மனசு வரலை."

பென்சிலுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அத்தானோடு சேர்த்து அக்காவையும் ஒரேயடியாக வெறுத்துத் தீர்ப்பதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். அந்த வசதியை அக்கா இரண்டே வாக்கியத்தில் பிடுங்கிக்கொண்டுவிட்டாள். "நீ நல்லவளாகுறதுக்கு இன்னைக்குத்தான் நேரம் கிடைச்சுதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி அரங்கத்துக்குள் போனாள். இரண்டு மாதத்தில் அக்கா தனியாக வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டதாகக் கேள்விப்பட்டாள். பேசிக்கொள்ள மட்டும் ஒன்றரை வருடம் ஆயிற்று. அதுவும் அக்காவுக்குக் கண்ணில் அறுவை செய்தபோது, சொட்டு மருந்து விட ஆள் வேண்டியிருந்ததால்.

விசாரணை ஐந்து மாதம் நடந்தது. காசு அத்தானின் மேசை இழுப்பறையில், பழைய உறையிலேயே இருந்தது. ஏன் அதைத் தூக்கி எறியவில்லை என்று கேட்டதற்கு, "எப்படி எறிய முடியும்? அது ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக் காசு" என்றாராம். புத்தகத்தைத் திரும்பப் பெற்றார்கள். பதவி போயிற்று. பதினான்காம் படத்தின் அடியில் அவள் பெயர் ஏறியது. ஆய்வைத் தொடரச் சொல்லிப் பல்கலைக்கழகம் கடிதம் எழுதியது. முகம் உதிர்ந்துபோன அந்தப் பெண்ணின் ஓவியத்துக்கு மட்டும் யாரும் எதுவும் செய்ய முடியவில்லை. உயர்த்திய இரண்டு கைகள் இன்னும் சட்டத்தில் இருக்கின்றன.

சாவியம்மா ஓய்வு பெற்றதும் கிடங்கு பென்சிலின் பொறுப்புக்கு வந்தது. ஒரு மழைக்கால முற்பகலில் அத்தான் வந்தார். குடையை வெளியே உதறிவிட்டு உள்ளே வந்து, எல்லாரையும் போல விண்ணப்பப் படிவத்தை நீட்டினார். 'பதவி' என்ற இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வேறொரு சின்னத் தேவாலயத்தில் கிடைத்த உடைந்த மண்விளக்கு ஓடுகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்.

அவளால் மறுத்திருக்க முடியும். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டு, வேறு வேலையெல்லாம் முடித்தாள். நாற்பது நிமிடம் அவர் நின்றார். நாற்காலி போடச் சொல்லவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டு, ஓரத்து மேசையைக் காட்டினாள். ஆறு தட்டு எடுத்துக் கொடுத்தாள்.

மாலை வரை அவர் தலை நிமிரவில்லை. ஒவ்வொரு ஓடாக எடுத்து, வெளிச்சத்தில் திருப்பி, தானே பென்சில் பிடித்து வரைந்துகொண்டிருந்தார். கோடு நன்றாக வரவில்லை. அவள் தூரத்திலிருந்து பார்த்தாள். இரக்கம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை.

மூடும் நேரத்தில் அவர் தட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனார்.

"ஒரு நிமிஷம்" என்றாள். "பையைத் திறங்க அத்தான்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு பையை மேசைமேல் வைத்து, ஜிப்பை இழுத்து, வாயை அகலமாக விரித்துக் காட்டினார். ஒரு நோட்டு, கண்ணாடிக்கூடு, சாப்பாட்டு டப்பா. அவள் டப்பாவின் மூடியையும் திறந்து பார்த்துவிட்டு, மூடி, "சரி, போகலாம்" என்றாள்.